கடலோர நகரில் குடிநீரையும் பாதாள சாக்கடையையும் ஒரே கணக்கில் நடத்தும் முறை

புதுச்சேரியில் குடிநீர் வழங்கலும் பாதாள சாக்கடையும் பொதுப்பணித்துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கின்றன. எல்லையைத் தாண்டிக் கடலூருக்குச் சென்றால் அதே பணிகளை மாநகராட்சியும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் பகிர்ந்துகொள்கின்றன. நிர்வாகம் எப்படிப் பிரிந்திருந்தாலும், இரண்டு ஊர்களிலும் நிலம் தட்டையானது, கடல் அருகில் இருக்கிறது, மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரே மூச்சில் கொட்டுகிறது. இத்தகைய ஊரில் குடிநீர்ப் பிரிவு, கழிவுநீர்ப் பிரிவு எனத் தனித்தனிப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பாராமல் இருப்பதே பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வட்டத்தின் பொறுப்பை முதன்முதலாக ஏற்கும் இளநிலைப் பொறியாளரையும், தம் தெருவில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் குடியிருப்போர் சங்கத்தினரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, உங்கள் பகுதிக்குள் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு கழிவுநீர் வெளியேறுகிறது என்னும் இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பதாகும். பாதாள சாக்கடை உள்ள நகரத்துக்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டின் அளவுகோல்; அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கொள்வது வழக்கம். பத்தாயிரம் பேர் வாழும் பகுதி என்றால் 13.5 லட்சம் லிட்டர் உள்ளே வர வேண்டும், 10.8 லட்சம் லிட்டர் வெளியே போக வேண்டும். அதாவது மணிக்குச் சராசரியாக 45,000 லிட்டர். காலையில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும்போது, இவ்வளவு சிறிய பகுதியில், அது மூன்று மடங்காக உயரும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

உள்ளே வரும் நீரை அளக்க மீட்டர் இல்லையென்றாலும் வழியுண்டு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் விட்டம் தெரிந்தால் போதும். 12 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் என்பது ஏறத்தாழ 1,130 லிட்டர். தொட்டிக்கு நீரேற்றுவதை நிறுத்திவிட்டு, விநியோகம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டத்தைக் குறித்தால், அன்றைய வழங்கல் கையில் வந்துவிடும். வால்வை முழுதாக அடைத்த பின்னும் இரவில் மட்டம் இறங்குகிறது என்றால் வால்வு பிடிக்கவில்லை, அல்லது தொட்டியே கசிகிறது. இந்தச் சோதனைக்கு ஓர் அளவுகோலும் ஓர் இரவும் தவிர வேறெதுவும் தேவையில்லை.

வெளியேறும் கழிவுநீரை அளப்பது, கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கி இறைத்துத் தள்ளும் உந்து நிலையத்தின் மோட்டார் ஓடிய மணிகளைக் கொண்டுதான். மணிக்கு 90,000 லிட்டர் இறைக்கும் பம்பு, மேலே சொன்ன பகுதிக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் சரி. கார்த்திகையில் அது பதினெட்டு மணி நேரம் ஓடுகிறது என்றால், ஒரு நாளைக்கு 5.4 லட்சம் லிட்டர் வேறெங்கிருந்தோ குழாய்க்குள் வருகிறது என்று பொருள். மொட்டை மாடி மழைநீரைச் சாக்கடையில் இணைத்த வீடுகளாக இருக்கலாம். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து உடைந்த இணைப்புகள் வழியே புகுவதாக இருக்கலாம். மழை நின்ற மறுநாளே மணிக்கணக்கு பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் மாடி நீர். இரண்டு மூன்று வாரங்கள் கழித்தும் இறங்காமல் இருந்தால் நிலத்தடி நீர். அதே நேரத்தில், கோடையிலும் மணிகள் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகுமானால் குற்றம் பெரும்பாலும் பம்பின் உள்சக்கரத் தேய்மானத்தில் இருக்கும். உந்து நிலையத்தில் கழிவுநீர் வந்து சேரும் சேகரிப்புக் கிணற்றில் நீர்வரத்தைச் சற்று அடைத்துவிட்டு, பம்பு ஒரு மீட்டர் ஆழத்தை எத்தனை நிமிடத்தில் இறக்குகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மணிகள் குறைவதையும் கவனியுங்கள். வழங்கல் மாறாமல் இருக்க, உந்து நிலையத்துக்கு வரும் நீர் மட்டும் குறைந்தால், வழியில் எங்கோ அடைப்பு ஏற்பட்டு, கழிவுநீர் மழைநீர் வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரி நகரின் பெரிய வாய்க்காலிலோ உப்பாற்று வாய்க்காலிலோ நாற்றம் திடீரென்று கூடும்போது, வாய்க்காலைத் தூர்வாரச் சொல்வதற்கு முன்னால் இந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: சொந்தமாக ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் வீடுகளும் விடுதிகளும் உங்கள் வழங்கல் கணக்கில் வாரா, ஆனால் சாக்கடைக் கணக்கில் வந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் நிறையும் சனி, ஞாயிறுகளில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

நிலத்தடி நீரைப் பேணுதல்

பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்டது. அன்று முதல் இன்று வரை நகரம் குடிப்பது நிலத்தடி நீரைத்தான். கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயரிட்டிருக்கும் படுகையும் அதன் மேலுள்ள வண்டல் படுகையும் நீரைத் தாராளமாகத் தருபவை. ஆனால் கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே நகரும், ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் மீள்வதில்லை.

எனவே ஒவ்வோர் ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஓய்வு மட்டம் (பம்பு ஓடாதபோது நீர் நிற்கும் மட்டம்), இறைப்பு மட்டம் (பம்பு ஓடும்போது நிற்கும் மட்டம்), கரைந்துள்ள உப்புகளின் அளவு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் எழுதி வைக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. மாற்று வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. குளோரைடுக்கு அதே போல 250, 1,000. எல்லையைத் தொட்டதா என்பதைவிட, எந்தத் திசையில் நகர்கிறது என்பதே முக்கியம். ஒரு கிணற்றில் மூன்று மாதங்கள் தொடர்ந்து உப்பு ஏறினால், எல்லைக்குள் இருந்தாலும் அதன் இறைப்பு நேரத்தைக் குறைத்து, சுமையைக் கடலிலிருந்து தள்ளியுள்ள கிணறுகளுக்குப் பரப்புங்கள். அப்படிப் பரப்பும்போது வில்லியனூர், பாகூர் பக்கத்து உழவர்களின் கிணறுகளும் அதே படுகையைத்தான் நம்பியிருக்கின்றன என்பதை எண்ணிச் செயல்பட வேண்டும்; அவர்களிடம் நீர்மட்டக் கணக்கை மறைக்காமல் காட்டுவதே முறை. சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்கும், தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கும் வருகின்றன. குடிநீர்ப் பொறியாளர் இந்த வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டனவா என்று ஆவணிக்குள் கேட்டறிவது அவருடைய அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதன்று. அவருடைய கிணறுகள் நிரம்புவது அங்கிருந்துதான்.

குளோரின்: கடைசி வீட்டில் அளக்க வேண்டும்

தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்ததாகப் பதிவேட்டில் கையொப்பம் இருப்பது போதாது. ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் சேர்க்க 200 கிராம் குளோரின் வேண்டும். 25 விழுக்காடு வீரியமுள்ள பவுடரானால் அது 800 கிராம். ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டையின் வீரியம் 15 விழுக்காடாக இறங்கியிருந்தால், அதே 800 கிராம் தருவது 120 கிராம் குளோரின் மட்டுமே. ஆகவே சிறு மூட்டைகளாக வாங்குவது, தரையில் படாமல் பலகையின்மேல் அடுக்குவது, பழையதை முதலில் எடுப்பது ஆகியவை இவ்வூரில் கட்டாயம்.

சோதிக்க வேண்டிய இடம் வழங்கல் குழாயின் கடைக்கோடி வீடு. குளோரோஸ்கோப் குப்பியில் குழாய் நீரைப் பிடித்து, ஆர்த்தோடொலிடின் சொட்டுகளை விட்டால் குளோரின் இருப்பதற்கேற்ப மஞ்சள் நிறம் தோன்றும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் காட்ட வேண்டும். தொட்டியடியில் நல்ல மஞ்சளும் கடைசி வீட்டில் வெறும் நீர் நிறமும் வந்தால், இடையில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்கிறது. பெரும்பாலும் அது சாக்கடை. குடிநீர் சில மணி நேரம் மட்டும் வரும் ஊரில், மீதி நேரமெல்லாம் குழாய் அழுத்தமின்றிக் கிடக்கிறது. அப்போது வாய்க்காலுக்குள் மூழ்கிச் செல்லும் வீட்டு இணைப்புக் குழாயில் ஊசித் துளை இருந்தாலும் வெளியிலிருக்கும் அழுக்கு உள்ளே புகும். வீட்டார் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் இது இன்னும் மோசமாகும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, சுகாதார அவசர நிலை அறிவிக்கும் அளவுக்குச் சென்றதை நாம் மறந்துவிடக் கூடாது.

கலங்கலாக வருகிறது, நாற்றமடிக்கிறது என்று ஒரே தெருவிலிருந்து இரண்டு புகார்கள் வந்தாலே வால்வை மூடிவிடுங்கள்; காரணம் தேடுவது அதற்குப் பிறகுதான். லாரியில் தண்ணீர் அனுப்பிவிட்டு, சுகாதாரத் துறைக்கும் உடனே தெரிவித்துவிட்டு, அத்தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்தையும் தோண்டிப் பாருங்கள். பழுதை நீக்கிய பின் குழாயைக் கழுவி, கூடுதல் குளோரின் விட்டு நிறுத்தி வைத்து, மீண்டும் கழுவி, நுண்ணுயிர்ச் சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். நூறு மில்லிலிட்டரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி நுண்ணுயிர் அறவே இருக்கக்கூடாது என்பதே விதி. இதில் சலுகைக்கு இடமில்லை.

வால்வு திறப்பவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதிகாலையில் குழிக்குள் கம்பியை இறக்கி, உதட்டசைவில் சுற்றுகளை எண்ணிக்கொண்டே திறக்கும் அந்த மனிதருக்கு, எந்த வால்வு எத்தனை சுற்றுக்குப் பிறகு வெறுமனே சுழலும், எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று போதும் என்பதெல்லாம் மனப்பாடம். வரைபடத்தில் இல்லாத இணைப்புகள் அவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெறும் நாளில் அத்தனையும் அவரோடு போய்விடும். ஆகையால் அவருடன் தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு வால்வின் இடத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் வரைபடத்தில் ஏற்றி, அதில் அவருடைய பெயரையும் எழுதுங்கள்.

அடைப்பும் நச்சுவாயுவும்

அடைப்பைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. புகார் வந்த இடத்திலிருந்து நீரோட்டத் திசையில் ஒவ்வொரு மேன்ஹோலாகத் திறந்து பாருங்கள். ஒன்று நிரம்பியும் அடுத்தது வறண்டும் இருந்தால் அடைப்பு அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் ஜெட் இயந்திரத்தை வறண்டிருக்கும் கீழ்ப்பக்கத்து மேன்ஹோலில் நிறுத்தி, நீர்முனை மேல்நோக்கிச் செல்லுமாறு செலுத்த வேண்டும். முனையைப் பின்னோக்கி இழுக்கையில் கசடு அந்த மேன்ஹோலுக்கே வந்து சேரும், அங்கேயே உறிஞ்சு இயந்திரத்தால் எடுத்துவிடலாம். மேலிருந்து கீழே தள்ளினால் அடைப்பு அடுத்த தெருவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். வெளியே வந்தது என்ன என்பதையும் எழுதுங்கள். உறைந்த எண்ணெய்க் கட்டி என்றால் மேல்பக்கத்து உணவகங்களில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லை. மணல் என்றால் குழாய் இணைப்பு விட்டிருக்கிறது. துணியும் அணையாடையும் என்றால் வீடு வீடாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய வேலை. ஒரே இடத்தில் மூன்றாம் முறை அடைத்தால், அது சுத்தம் செய்து தீரும் இடமன்று. குழாயின் சாய்வே கெட்டிருக்கிறது.

மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கக் கூடாது. இதற்கு விலக்குத் தேடிக்கொண்டிருப்பதே தவறு என்று நினைக்கிறேன். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இயந்திரத்தால் எடுக்க முடியவில்லை என்று ஒப்பந்ததாரர் சொன்னால், கழிவுநீரைத் தற்காலிகக் குழாய் வழியே அடுத்த மேன்ஹோலுக்கு இறைத்துவிட்டு, மேலிருந்து தோண்டிக் குழாயை மாற்றுங்கள். செலவும் நாளும் கூடும், கூடட்டும்.

நச்சுவாயுவின் ஆபத்து பணியாளரோடு நிற்பதில்லை. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாள சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிப்பறைக்குள் வந்த வாயுவால் மூன்று பெண்கள் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் பள்ளி மாணவி. கழிவுநீர் நகராமல் தேங்கி, காற்றின்றி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது. அழுகிய முட்டை நாற்றம் தொடக்கத்தில் எச்சரிக்கும்; ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்பதை ஆபத்து நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. வாயு அளவுமானி மட்டுமே சான்று.

இதைத் தடுக்கும் பணிகள் மூன்று இடங்களில் நடக்க வேண்டும். உந்து நிலையத்தில், சேகரிப்புக் கிணறு நிரம்பி வழியும் வரை காத்திராமல், பம்பு தொடங்கும் மட்டத்தைத் தாழ்த்தி, இரவிலும் அவ்வப்போது ஓடவிட்டால் கழிவுநீர் அழுகும் அளவுக்குத் தங்காது. தெருவில், காற்றுப்போக்கிக் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று ஆண்டுக்கு இருமுறை பார்க்க வேண்டும். வீட்டில், ஒவ்வோர் இணைப்பிலும் நீரடைப்பு வளைவு இருக்கிறதா என்று நேரில் சோதிக்க வேண்டும். அந்த வளைவில் எப்போதும் நிற்கும் ஐந்து சென்டிமீட்டர் நீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள ஒரே தடுப்பு. புதிய இணைப்பு தரும்போது இதைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும் புழங்காத கழிப்பறைகளிலும் அந்நீர் வற்றிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை ஒரு வாளி நீர் ஊற்றுமாறு மக்களுக்குச் சொல்லுங்கள். நாற்றப் புகார் வந்தால் முதல் பதில், அனைவரும் வெளியே வாருங்கள், யாரும் கழிப்பறைக்குள் போகாதீர்கள், மயங்கியவரைத் தூக்கவும் தனியாக உள்ளே ஓடாதீர்கள் என்பதாக இருக்க வேண்டும். தொலைபேசி எடுக்கும் ஊழியர் இதை மனப்பாடமாகச் சொல்லப் பழக வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாள்தோறும் காற்றூட்டத் தொட்டியில் (கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று செலுத்தும் தொட்டி) உள்ள கலவையை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் எடுத்து அரை மணி நேரம் வைத்து, கசடு எவ்வளவு படிகிறது, மேல்நீர் தெளிகிறதா என்று பாருங்கள். திடீரென்று படியாமல் மிதந்தால், யாரோ ஒருவர் செப்டிக் டேங்க் லாரியின் கழிவையோ தொழிற்கழிவையோ இரவில் மேன்ஹோலில் கொட்டியிருக்கலாம்.

புயலுக்கு முன்னும் பின்னும்

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்சாரம் பல நாட்கள் இல்லாமற் போயிற்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையின் இரு கரைகளையும் மூழ்கடித்தது. அவ்வளவு மழையில் நூறு சதுர மீட்டர் மாடி ஒன்றிலிருந்து மட்டும் 45,000 லிட்டர் நீர் இறங்குகிறது. நானூறுக்கும் மேற்பட்டோர் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீருக்கு அது சமம். எந்தச் சாக்கடையும் இதைத் தாங்காது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் நீரை வடியவைக்க மக்கள் மேன்ஹோல் மூடியைத் திறப்பது இயல்பான பதற்றம்தான்; ஆனால் அது உந்து நிலையத்தை மூழ்கடித்து, கழிவுநீரைப் பிற வீடுகளுக்குள் ஏற்றிவிடும். வெள்ளத்தில் மறைந்த திறந்த குழி, நடந்து செல்பவரின் உயிரையும் பறிக்கும். மழைக்கு முன்பே தெருக்கூட்டம் போட்டு இதை விளக்கி, நீர் இறைக்கும் பம்பு எங்கே வைக்கப்படும் என்று சொல்லிவிடுவது தேவை.

புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வோர் உந்து நிலையத்திலும் மின்னாக்கியை முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பது சோதனையாகாது. மூன்று நாளுக்கு டீசல் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகை பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று சுவரில் படிந்த கறையைக் கொண்டே சரிபாருங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு எல்லோரும் முதலில் கேட்பது குடிநீரைத்தான்; கேட்பது நியாயமும்கூட. ஆயினும் உந்து நிலையங்கள் ஓடத் தொடங்கி, மேன்ஹோல்களின் மட்டம் இறங்கிய பின்னரே குழாய்நீரைத் திறக்க வேண்டும். அதற்கு முன் திறந்தால், வீட்டார் புழங்கும் ஒவ்வொரு வாளி நீரும் நிரம்பிய சாக்கடையை மேலும் உயர்த்தும்; வழங்கல் நின்று குடிநீர்க் குழாய் அழுத்தமிழந்ததும் அந்தக் கழிவுநீர் அதற்குள்ளேயே புகும். அதுவரை லாரி நீர்தான். மூழ்கிய ஆழ்துளைக் கிணறுகளில் குளோரின் ஊற்றி, ஊறவைத்து, நாற்றம் நீங்கும் வரை இறைத்து வெளியேற்றுங்கள். முதல் வழங்கலைக் குடிக்க வேண்டாம், கழுவுவதற்கு மட்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, குழாய்களின் கடைக்கோடியைத் திறந்து ஓடவிடுங்கள். கடைசி வீட்டுக் குழாயில் மஞ்சள் நிறம் வந்து, மாதிரிச் சோதனையின் முடிவு எழுத்தில் கைக்கு வந்த பிறகே குடிக்கலாம் என்று அறிவித்து, லாரிகளைத் திரும்ப அழைக்க வேண்டும்.